விடியாத பிப்ரவரி 29

எக்செல்லைத் திறந்து, காலியாக இருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் 60 என்று தட்டுங்கள். பிறகு அந்தக் கட்டத்தைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வந்து நிற்கும்.

அப்படி ஒரு நாள் நம் ஊரில் விடியவே இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 அந்தக் கணக்கில் தேறும், 1900 தேறாது. அந்த ஆண்டில் பிப்ரவரி 28 புதன்கிழமை. மறுநாளே மார்ச் 1, வியாழன். (ரஷ்யா போன்ற சில நாடுகளில் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டிதான் நடப்பில் இருந்தது, அங்கே அந்தத் தேதி உண்டு. ஆனால் எக்செல் ஜார் மன்னரின் நாட்காட்டியைப் பின்பற்றுவதாக எங்கும் சொல்லவில்லை.)

யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து கிடக்கும் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். செய்தவர்களுக்கே தெரியும். தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், காரணத்தை விளக்கி எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காரணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால், வீட்டில் ஒரே பக்கத்தில் அடங்கிய பயோடேட்டா ஜெராக்ஸ் கடையில் ஏன் இரண்டு பக்கமாக வருகிறது என்பதுவரை போய்ச் சேரலாம்.

எக்செல்லுக்குத் தேதி தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். 1900 ஜனவரி 1 என்பது அதற்கு 1. மறுநாள் 2. இப்படி விடாமல் எண்ணிக்கொண்டே வந்தால் 2025 ஜனவரி 1 என்பது 45658. கட்டத்துக்குள் கிடப்பது அந்த எண்தான். நாள், மாதம், ஆண்டு எல்லாம் அதற்கு மாட்டிவிட்ட சட்டை. இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கேட்டவுடன் பதில் வந்து விழுவது இதனால்தான். நடந்தது வெறும் கழித்தல்.

எண்ணும் இந்த முறை எக்செல்லின் சொந்தச் சரக்கு இல்லை. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளிலிருந்து வாங்கியது. ஐபிஎம் பிசி என்ற புது இயந்திரத்தை அலுவலகங்கள் வாங்கிப் போட்டதற்கே லோட்டஸ் ஒரு பெரிய காரணம். அன்றைய கணினியின் நினைவகம் கிலோபைட் கணக்கில்தான். இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்கள் நாலைந்தை வைத்தாலே நிறைந்துவிடும். அந்த இடுக்கில் லீப் ஆண்டைக் கண்டுபிடிக்க நான்கால் வகுபடுகிறதா என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டது லோட்டஸ். இரும எண்ணில் அதற்கு வகுத்தல்கூட வேண்டாம், கடைசி இரண்டு இலக்கமும் பூஜ்யமா என்று பார்த்தால் போதும். 1901 முதல் 2099 வரை இந்தக் குறுக்குவழி ஓர் இடத்திலும் தவறாது. வாசற்படியிலேயே நிற்கும் 1900இல்தான் தடுக்கும்.

எக்செல் 1985இல் மெக்கின்டாஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. அலுவலகக் கணக்கெல்லாம் அப்போது லோட்டஸில். எக்செல் மட்டும் நாட்களைச் சரியாக எண்ணியிருந்தால், லோட்டஸிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் நகர்ந்திருக்கும். கடன் தவணை ஒரு நாள், சம்பளப் பட்டுவாடா ஒரு நாள். தப்பு எங்களுடையது இல்லை, லோட்டஸுடையது என்று வாடிக்கையாளரிடம் வாதாடி எத்தனை பெட்டி விற்க முடியும்? ஆகவே தவறையும் சேர்த்தே நகலெடுத்தார்கள். லோட்டஸ் 1-2-3க்கான ஆதரவை ஐபிஎம் 2014இல் நிறுத்திவிட்டது. அதற்காகப் போட்ட பொய் நாள் மட்டும் இன்றும் எக்செல்லில் இருக்கிறது. இப்போது திருத்தினால் உலகில் உள்ள தாள்களின் தேதிகள் ஏறக்குறைய அத்தனையும் ஒரு நாள் நகரும்.

இந்த வம்பிலிருந்து நழுவப் பார்த்தவர்களும் உண்டு. மெக்கின்டாஷ் எக்செல் 1904 ஜனவரி 1இலிருந்து எண்ணியது. புத்திசாலித்தனம்தான். ஆனால் மெக்கில் போட்ட தாளிலிருந்து விண்டோஸ் தாளுக்குத் தேதிகளை வெட்டி ஒட்டியவர்கள், எல்லாமே 1462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், நகர்ந்திருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். எக்செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் மேக்ரோ மொழியோ 60 என்றால் பிப்ரவரி 28 என்கிறது. அதை எழுதியவர்கள் தொடக்க நாளை ஒன்று முன்னால் தள்ளிவைத்துக்கொண்டார்கள். 61இல், மார்ச் 1ஆம் தேதி, இரண்டு கணக்கும் சேர்ந்துவிடும். அதற்கு முந்தைய அறுபது நாட்களுக்கு ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம்.

சரி, கோப்புக்கு வருவோம். ஃபைலைத் ‘திறக்கிறோம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அங்கே திறக்க ஒன்றுமில்லை. வட்டில் கிடப்பது எண்களின் நீண்ட வரிசை. எந்த எண் எழுத்து, எது தடித்த எழுத்து என்ற கட்டளை, எது படத்தின் ஒரு புள்ளி என்பதெல்லாம் எழுதிய மென்பொருளுக்கும் வாசிக்கும் மென்பொருளுக்கும் நடுவே உள்ள பேச்சுவார்த்தை. அந்தப் பேச்சு எழுத்தில் இல்லாமல் ஒரு தரப்பின் மனசுக்குள் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய வேர்டின் ‘டாக்’ கோப்பைவிட நல்ல உதாரணம் கிடையாது.

தொண்ணூறுகளின் கணினியில் வட்டு மெதுவானது. ஐம்பது பக்க அறிக்கையை ஃப்ளாப்பியில் சேமிக்கச் சொன்னால் அது கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். அதனால் வேர்டில் ‘வேகச் சேமிப்பு’ என்று ஒரு வசதி வைத்தார்கள். கடிதத்தில் ‘திங்கட்கிழமை’ என்றிருந்ததை நீங்கள் ‘புதன்கிழமை’ என்று மாற்றியதாக வைத்துக்கொள்வோம். வேர்ட் பழைய கடிதத்தைத் தொடாது. ‘புதன்கிழமை’யைக் கோப்பின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டும். பிறகு ஒரு பட்டியலில் குறித்துவைக்கும்: முதல் நானூறு எழுத்தை இங்கிருந்து எடு, அடுத்த சில எழுத்தைக் கடைசியிலிருந்து எடு, மீதியை மறுபடி இங்கிருந்து எடு. திரையில் கடிதம் ஒழுங்காகத் தெரியும். கோப்புக்குள்ளே அது தையற்கடையின் துண்டுத் துணி மூட்டை. அடித்த ‘திங்கட்கிழமை’யும் அதற்குள் எங்கோ பத்திரமாகக் கிடக்கும். நிறுவனங்கள் அனுப்பிய ஒப்பந்தக் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து, முதலில் எழுதி அழித்த விலையை வாசித்துவிட முடிந்தது இப்படித்தான்.

இந்தத் துண்டுகள் எல்லாம் கிடந்த பெட்டியும் விசித்திரமானது. ஒரு டாக் கோப்பு என்பது உள்ளே ஒரு குட்டி வன்தட்டு. 512 பைட் கொண்ட அறைகள், எந்த அறைக்கு அடுத்து எந்த அறை என்று சொல்லும் அட்டவணை, கிளைக் கோப்புகள், எல்லாம் உண்டு. அதன் முதல் நான்கு பைட்டுகளைப் பதினாறு அடிமான எண்களில் எழுதினால் டி0 சிஎஃப் 11 இ0. பூஜ்யத்தை ஓ என்றும் ஒன்றுகளை ஐ, எல் என்றும் வைத்து ஆங்கிலத்தில் படித்துப் பாருங்கள், ‘டாக்ஃபைல்’. பின்னிரவில் வேலை செய்த எவரோ சிரித்துக்கொண்டே வைத்த பெயர் போலிருக்கிறது. உலகின் கோடானுகோடி கடிதங்கள் அந்தச் சிரிப்போடுதான் தொடங்குகின்றன.

2003 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு இராக் குறித்த ஓர் ஆவணத்தை வேர்ட் கோப்பாகவே இணையத்தில் போட்டது. கடைசியாகச் சேமித்த பத்து முறைகளின் பயனர் பெயர்கள் உள்ளே அப்படியே இருந்தன. யார் யார் கைபட்டது என்று நாடே வாசித்தது.

இவ்வளவு சிக்கலையும் வேர்ட் 97 ஒரு படி கூட்டியது. கோப்பின் உள்கட்டு மாறிவிட்டது, ஆனால் பெயரின் வால் அதே ‘டாக்’. ஐம்பது பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் புதுக் கணினி முதலில் யார் மேசைக்கு வரும்? மேலாளர் மேசைக்குத்தான். அவர் புது வேர்டில் சுற்றறிக்கை அடித்து எல்லோருக்கும் அனுப்புவார். வேர்ட் 95 வைத்திருக்கும் நாற்பத்தொன்பது பேருக்கும் பூச்சி பூச்சியாய்த் தெரியும். “சார், ஓப்பன் ஆகல” என்று சொல்லலாம். ஒரு முறை, இரண்டு முறை. மேலாளரிடம் மூன்றாம் முறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அடுத்த மாதம் ஐம்பது புது வெர்ஷனுக்கு ஆர்டர் போகும். புதிய பதிப்பை வாங்கலாமா வேண்டாமா என்று அதன் வசதிகளைப் பார்த்து முடிவுசெய்தவர்கள் குறைவு. யாரோ அனுப்பிய கோப்பு திறக்கவில்லை என்பதால் வாங்கியவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

பழைய வடிவத்தில் சேமிக்கும் வழி வேர்ட் 97இல் இருக்கத்தான் செய்தது. ஆனால் முதலில் வந்த பதிப்பில், ‘வேர்ட் 6.0/95’ என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அது எழுதியது ஆர்டிஎஃப் என்ற வேறொரு எளிய வடிவத்தை. வெளியே டாக் என்று பெயர் மட்டும் ஒட்டியது. பலர் குறைகூறிய பிறகே உண்மையான மாற்றி வந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. புதியது பழையதைப் படிப்பது பெரிய வித்தை அல்ல. நேற்று நடந்ததைப் பார்த்து எழுதினால் போதும். பழையது புதியதைப் படிக்க வேண்டும் என்றால், 1995இல் உட்கார்ந்திருப்பவர் 1997இல் வரப்போவதை ஊகித்து இடம் விட்டுவைத்திருக்க வேண்டும். நல்ல வடிவமைப்பாளர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: புரியாத குறி வந்தால் திகைக்காதே, தாண்டிப் போ. இன்றைய எக்செல்லில் அது கண்முன்னே நடக்கும். புதிதாக வந்த எக்ஸ்லுக்அப் சூத்திரம் போட்ட தாளைப் பத்தாண்டு பழைய எக்செல்லில் திறந்தால் விடை சரியாகவே தெரியும். புது எக்செல் கடைசியாகக் கணக்கிட்ட விடையையும் கோப்பில் எழுதிவைத்திருக்கிறது. சூத்திரத்தின் முன்னால் மட்டும் எக்ஸ்எல்எஃப்என் என்றொரு ஒட்டுச் சீட்டு. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. கட்டத்துக்குள் போய் என்டரைத் தட்டினால், “இந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது” என்று விடையை அழித்துவிட்டுப் பிழைச் செய்தி காட்டும். அனுபவப்பட்ட கணக்காளர்கள் அப்படிப்பட்ட தாளைத் தொட மாட்டார்கள்.

ஆஃபீஸ் 2007இல் மெனுவெல்லாம் காணாமல்போய் ரிப்பன் வந்தது. அந்தக் கோபம் தனிக் கட்டுரைக்குரியது. நமக்கு வேண்டியது கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்ட ‘எக்ஸ்’. டாக் என்பது டாக்எக்ஸ் ஆனது. இந்த முறை பெயரையாவது மாற்றினார்களே என்று தோன்றுகிறது. உள்ளேயும் தலைகீழ் மாற்றம். உங்கள் டாக்எக்ஸ் கோப்பு ஒன்றைப் பிரதியெடுத்து, பெயரின் கடைசியில் ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். சாதாரணமான சுருக்குப் பை. முதல் இரண்டு எழுத்து பி, கே. ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் தலையெழுத்துகள். உள்ளே ‘வேர்ட்’ என்றொரு உறை, அதில் நீங்கள் எழுதியது எல்லாம் கண்ணால் வாசிக்கக்கூடிய உரைக் கோப்பாக. பாணிகள் ஒரு கோப்பில், எழுத்துருப் பட்டியல் இன்னொன்றில், படங்கள் தனி உறையில். படத்தின் ஓரத்தில் நின்ற பழைய நண்பரைக் கத்தரித்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள்; பெரும்பாலும் முழுப் படமும் அங்கேயே இருக்கும், அவரும் இருப்பார்.

வடிவத்தை எழுத்தில் வெளியிடவும் செய்தார்கள். 2006 டிசம்பரில் எக்மா என்ற தர அமைப்பின் வழியே வந்த அந்தத் தர ஆவணம் ஆறாயிரம் பக்கம். போட்டியாக ஓடிஎஃப் என்ற திறந்த வடிவம் அதே ஆண்டில் ஐஎஸ்ஓ தரமாகியிருந்தது. மைக்ரோசாஃப்டின் வடிவத்தையும் ஐஎஸ்ஓ ஏற்க வேண்டுமா என்று 2007 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா வேண்டாம் என்றது. அந்தச் சுற்றில் அது தேறவில்லை. 2008இல் திருத்தங்களோடு மறுபடி வந்து வென்றது. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா நான்கும் மேல்முறையீடு செய்தன. எடுபடவில்லை.

எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்டிய பல குறைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. தர ஆவணத்தில் ஓர் அமைப்பின் பெயர், ‘வேர்ட் 95 போல இடைவெளி விடு’. வேர்ட் 95 எப்படி இடைவெளி விட்டது என்று மட்டும் ஆவணத்தில் சொல்லவில்லை. அந்த மென்பொருளின் நடத்தையைப் பார்த்து அதேபோலச் செய்யவேண்டியது என்ற தொனி. பாட்டி வைப்பது போலக் குழம்பு வை என்று எழுதிய சமையல் குறிப்பு. பாட்டியோ இப்போது இல்லை.

ஆனால் மைக்ரோசாஃப்டின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1995இல் அடித்த தீர்ப்பு நகலில் பத்தாம் பக்கத்தின் கடைசி வரி இன்றும் பத்தாம் பக்கத்தின் கடைசியிலேயே நிற்க வேண்டும் என்றால், அன்றைய கோணல்களையும் எங்கேயாவது எழுதித்தானே வைக்க வேண்டும்? ஐஎஸ்ஓ ஒரு சமரசம் செய்தது. கறாரான வடிவம் ஒன்று, பழைய பாரத்தைச் சுமக்கும் ‘இடைக்கால’ வடிவம் ஒன்று. இடைக்காலம் முடிந்தபாடில்லை, இன்று நீங்கள் வேர்டில் சேமித்தாலும் தானாக எழுதப்படுவது இடைக்கால வடிவமே. 1900 பிப்ரவரி 29உம் அதற்குள் சட்டப்படி குடியிருக்கிறது.

புதுசுக்கு மாறாமலே இருந்துவிட்டால்? 2020இன் செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் கோவிட் பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளைச் சாதாரண உரைப் பட்டியலாக அனுப்பின. பொதுச் சுகாதார அமைப்பு அவற்றைத் தானியங்கியாக எக்செல் தாளில் ஏற்றியது. தாள் பழைய ‘எக்ஸ்எல்எஸ்’ வடிவம். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. வரிசை எண்ணைப் பதினாறு பிட்டில் எழுதிய காலத்து வரம்பு அது. 2007இல் வந்த ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ பத்து லட்சத்துக்கும் மேல் தாங்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் பல வரிசை தேவைப்பட்டதால் தாள் சீக்கிரமே நிறைந்தது. நிறைந்தபின் வந்தவை சத்தமில்லாமல் விழுந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் ஏறவில்லை. அவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது; அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்போக வேண்டியவர்களுக்குத்தான் பட்டியல் வரவில்லை. புது வடிவம் வந்து பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது. வேலை செய்துகொண்டிருந்ததை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

மொத்தமாக வேறு வீடு பார்த்துக் குடிபோனவர்களின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பதினைந்தாயிரத்தை ஒட்டிய கணினிகளைப் பத்தாண்டு பாடுபட்டு மாற்றியது. 2017இல் நகரமன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் ஊழியர்கள் அலுத்துக்கொண்டதில் ஒன்று வெளியிலிருந்து வரும் கோப்புகள் ஒழுங்காகத் திறக்காதது. நகராட்சி மாறலாம், அதற்குக் கடிதம் எழுதும் ஊர் மாறவில்லையே. 2024இல் அதே நாட்டின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் முப்பதாயிரம் கணினிகளை லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது.

இனி ஜெராக்ஸ் கடை. வேர்ட் கோப்பில் எந்த வரி எங்கே முடிகிறது என்று எழுதியிருக்காது. வாக்கியம் இருக்கும், எழுத்துருவின் பெயர் இருக்கும், தாளின் அகலம் இருக்கும். வரியை எங்கே உடைப்பது என்பதைத் திறக்கும் கணினி ஒவ்வொரு முறையும் புதிதாக, ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடிக்கிறது. கடைக்காரரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். அதன் ‘ம’ ஒரு மயிரிழை அகலம் என்று வையுங்கள். ஒரு வரியில் ஒரு சொல் கீழே இறங்கும், பத்தியில் ஒரு வரி கூடும், கடைசியில் ‘இப்படிக்கு’ மட்டும் இரண்டாம் பக்கத்தில் போய்த் தனியே நிற்கும். இதற்கென்றே கார்லிட்டோ என்று ஓர் எழுத்துரு செய்திருக்கிறார்கள். பார்க்க ஆஃபீஸின் காலிப்ரி எழுத்துரு போல இருக்காது. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் காலிப்ரியின் அதே எழுத்தின் அதே அகலம். வேற்று ஆள், சட்டை அளவு மட்டும் ஒன்று. பிடிஎஃப் இதற்கு நேர்மாறு: ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் இடத்தில் ஆணியடித்து அனுப்பும். அதனால்தான் கடைக்காரர் “பிடிஎஃப் இருக்கா?” என்று கேட்கிறார்.

காலிப்ரி 2017இல் பாகிஸ்தான் அரசியலிலும் நுழைந்தது. பனாமா ஆவண விவகாரத்தை விசாரித்த கூட்டுக் குழுவிடம் அன்றைய பிரதமர் நவாஸ் ஷெரீஃப் குடும்பத்தின் சார்பில் கொடுத்த ஆவணம் ஒன்றில் 2006 பிப்ரவரித் தேதி இருந்தது. எழுத்தோ காலிப்ரி. அது ஆஃபீஸ் 2007 உடன் கடைக்கு வந்ததே 2007 ஜனவரி 30, 31 வாக்கில்தான். சோதனைப் பதிப்புகளில் முன்பே கிடைத்தது என்று ஷெரீஃப் தரப்பு வாதிட்டது. புதிய பதிப்பை முதல் ஆளாக ஏற்பவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு நாட்டின் தலைப்புச் செய்தியானது அப்போதுதான்.

தமிழர்களுக்கு இந்த எழுத்துரு விளையாட்டு இன்னும் ஆழத்தில் நடந்தது. எங்கள் சித்தப்பா 1999இல் எக்செல்லில் ஒரு குடும்ப மரம் தட்டிவைத்தார். ஏழு தலைமுறை, இருநூறு பெயருக்கு மேல், பிறந்த தேதிகளோடு. போன வருடம் அந்தக் கோப்பு ஒரு பென்டிரைவில் என்னிடம் வந்தது. எக்ஸ்எல்எஸ் வடிவம், இன்றைய எக்செல் முணுமுணுக்காமல் திறந்தது. கட்டங்கள் இருந்தன, கோடுகள் இருந்தன. பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் சின்ன ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மந்திரம் போல இறைந்து கிடந்தன. தாளின் தலைப்பில் ஒரு சொல்: ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி.

பழைய ஆள்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். அது பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’. ஜே அடித்தால் த, கே அடித்தால் ம, பி அடித்தால் இகரக் கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மேலே புள்ளி. கோப்பில் எழுதியிருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ஆங்கிலத்தின் மேல் தமிழ்ப் படங்களை ஒட்டிய எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டியது. கணினியைப் பொறுத்தவரை சித்தப்பா உளறியிருக்கிறார். தேடினால் கிடைக்காது, அகர வரிசையில் அடுக்கினால் குப்புற விழும்.

பாமினிக்கு ஒரு வரிசை, வானவில்லுக்கு வேறு, டிஸ்கிக்கு வேறு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று இரண்டு தரங்களைத் தந்தது. இத்தனைக்கும் 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. நடுவே ஏறக்குறைய இருபது ஆண்டு. தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அச்சகத்துக்குப் போகும் கோப்பு அச்சகத்தின் எழுத்துருவில் இருக்க வேண்டும், அலுவலகத்துக்குப் போவது அலுவலகத்தின் எழுத்துருவில். இங்கேயும் வாங்குபவர்தான் பதிப்பை முடிவுசெய்தார்.

குடும்ப மரத்தை மாற்ற உட்கார்ந்தேன். மொத்தத்தையும் நகலெடுத்து ஒரு மாற்றியில் ஒட்டினேன். பெயர்கள் அழகாகத் தமிழில் வந்தன. கூடவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாகி, எந்த அகராதியிலும் இல்லாத சொற்களாக நின்றன. வெறும் எழுத்தாக நகலெடுத்ததால் எது பாமினி, எது ஆங்கிலம் என்ற விவரம் வழியில் உதிர்ந்துவிட்டது. கோப்பில் அது இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் எழுத்துருவும் பெயரோடு குறித்திருக்கிறது. பாமினி என்று குறித்த கட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

தேதிகளைச் சரிபார்த்தபோது கொள்ளுத்தாத்தாவில் வந்து நின்றேன். 1900 பிப்ரவரி 5 என்று இருந்தது. கிழமையைக் கேட்டேன். ஞாயிறு என்றது எக்செல். அதே தாளை லிப்ரே ஆஃபீஸில் திறந்தேன். அங்கே தேதியே பிப்ரவரி 4 ஆகியிருந்தது, கிழமை ஞாயிறு. உள்ளே இருக்கும் எண் இரண்டிலும் 36தான். அம்மாவிடம் இருந்த பழைய ஜாதக நோட்டை வாங்கிப் பார்த்தேன். விகாரி வருஷம், தை மாதம், திங்கட்கிழமை.

1900 பிப்ரவரி 5 திங்கட்கிழமைதான். அந்த ஒரு கட்டத்தைத் தேதியிலிருந்து வெறும் எழுத்தாக மாற்றி, நோட்டில் இருந்ததை அப்படியே கையால் தட்டிச் சேமித்தேன். எந்த வடிவத்தில் என்று கேட்டது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றேன், பாதுகாப்புக்கு ஒரு பிரதி பிரின்ட் எடுத்து அம்மாவின் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.